சுத்தி வாங்கியது எதற்காக

1979 பிப்ரவரி 5
'மாமல்லபுரம்' என்று பஸ் பலகையை நானே படித்து ஏறினேன்! முதியோர் பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது.
நான் டூல் ரூமில் கருவி எடுத்துக் கொடுக்கிற செங்கல்பட்டுக் கல்லூரியில் இன்றும் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. பக்தவச்சலம் சார் இங்கிலீஷில் நோட்ஸ் சொல்லச் சொல்ல, பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். முன்பு படிக்க வந்தவர்கள் தலைகுனிந்து எழுதிக்கொள்வார்கள். இவர்கள் கிராமத்தில் தமிழில் படித்தவர்கள். புரியாவிட்டால் கத்துகிறார்கள். சார் அவர்களில் கண்ணாயிரம் என்பவனை அறைந்தார். நாற்காலிகள் பறந்தன.

பிப்ரவரி 7
டூல் ரூம் நோட்டில் பெயர், கருவி, எதற்காக என்று மூன்று கட்டம். எனக்குப் படிக்கத் தெரியாது என்று பையன்கள் கடைசிக் கட்டத்தில் கண்டதையும் கிறுக்குவார்கள். கண்ணாயிரம் எழுதிவிட்டுச் சுத்தி கேட்டான்.
"இன்னா நைனா, நோட்ட மொறைச்சிகினு கீற? கலெக்டர் பரிட்சையா?"
நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். பிறகு எழுத்துக் கூட்டினேன். வ... ச்... ச... மண்டை... முழு வரியும் வருகிறதே என்று ஒரே குதூகலம். 'வச்சலம் மண்டையை உடைக்க.'
அப்புறம்தான் உறைத்தது. ஓடினேன். சார் கரும்பலகைக்குக் கீழே கிடந்தார். இடது காதிலிருந்து ரத்தம். ஐயோ, இன்னும் கொஞ்சம் வேகமா படிச்சிருக்கக் கூடாதா நான்?

பிப்ரவரி 8
உயிர் இருக்கிறது.

பிப்ரவரி 12
ஆஸ்பத்திரியில் நோட்டை சாரிடம் மட்டும் காட்டினேன். யார் அடித்தது என்று தெரியாது என போலீசிடம் சொல்லிவிட்டாராம். படித்துவிட்டுச் சிரித்தார், தையல் இழுத்தது.
"இன்னா சார் சிரிக்கிறீங்க? கொன்னே இருப்பான்!"
"பரிட்சையில வெறும் பேப்பர் குடுக்கறவன், சிங்காரம். இதுல ஒரு புள்ளி தப்பில்ல பாருங்க."
வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 19
சார் வந்துவிட்டார். வகுப்பு பட்டறையிலேயே. நோட்ஸ் இல்லை, இங்கிலீஷ் இல்லை. நடுவில் ஒரு செத்த டீசல் எஞ்சின்.
"ஒடைக்கத்தானே கை துறுதுறுங்குது? இதப் பிரிங்கடா. ஏன் நின்னுச்சின்னு நீங்க சொல்லுங்க."
ஒருவன் ஸ்பேனரை வீசினான். சுவரில் காரை பெயர்ந்தது. சார் குனிந்து எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார்.

மார்ச் 30
இன்றும் அடிதடி. ஒருவன் சட்டை கிழிந்தது.
"பிஸ்டன் தேஞ்சி கீது மச்சான்!"
"ரிங்குடா, குருட்டுக் கம்மனாட்டி!"
சார் விலக்கவே இல்லை. ரசித்துக்கொண்டு நின்றார்.
கண்ணாயிரம் அவருக்கு இடப்பக்கம் வந்து ஏதோ கேட்டான். சார் திரும்பவில்லை. மறுபடி கேட்டான். அப்போதும் இல்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது. பிறகு சுற்றிக்கொண்டு போய், வலப்பக்கம் நின்று, முதலிலிருந்து கேட்டான்.