ஒன்பது என்று எழுதிய சீட்டு

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையெல்லாம் ஜன்னல் வழியே போகிறது என்று அம்மா சொன்னாள். அவள் கண் முன்னாலேயே விழுங்குங்கள். நான் நலம்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. சீசன் தொடங்கும் முன், இந்த வருடம் எங்கள் பந்தயக் கார் எத்தனையாவதாக வரும் என்று அணியில் ஒவ்வொருவரும் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சோதனை ஓட்டத்தில் இரண்டாவதாக வந்ததால் எல்லோரும் ‘மூன்று’ என்றே எழுதினார்கள். அன்று டாங்கில் கால்வாசிதான் பெட்ரோல். கனமில்லாத வண்டி பறக்கத்தானே செய்யும்? நான் ‘ஒன்பது’ என்று எழுதினேன்.

“உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியே!” என்றார் தலைமைப் பொறியாளர்.

“டாங்கை நிரப்பி ஓட்டிப் பாருங்க சார், அப்புறம் திட்டுங்க” என்றேன்.

நேற்று ஓட்டினார்கள். பத்தாவது! நான் தாராளமாகவே எழுதியிருக்கிறேன். அதிலிருந்து சாப்பாட்டு மேசையில் என்னைச் சுற்றி நிறைய இடம்.

காலையில் உங்கள் ஸ்கூட்டர் முரண்டு பிடித்துக் கிளம்புமே, அந்தச் சத்தத்தை போனில் பதிந்து அனுப்புங்கள். இங்கே எந்த இன்ஜினும் இருமுவதில்லை.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். முதல் பந்தயத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் வண்டியைத் தேற்றி, என் சீட்டை நானே பொய்யாக்காமல் விடமாட்டேன்.

உங்கள் மூத்தவள்