வெள்ளைச் சோல் பழுப்பேறிய வாரம்

ஜூன் 3, திங்கள்
ஸ்டூலின் கால் ஆடுகிறது என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அண்ணிதான் சூப்பர்வைசரிடம் போனார். "என் நாத்தனார் கீழ விழுந்தாலும் சத்தம் போட மாட்டா சார். நீங்களே பாத்து மாத்திக் குடுத்துடுங்க." எல்லாரும் சிரித்தார்கள். வேறு ஸ்டூல் வந்தது.

ஒன்பதாவதோடு நின்ற என்னை இந்தச் செருப்பு கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அண்ணிதான். அவர் சூடான அச்சுப் பிரஸ்ஸில் ரப்பர் வைத்து அழுத்திச் சோல் எடுக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறேன். எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஜூன் 5, புதன்
வெள்ளைச் சோல் பழுப்பாக வருகிறது. வளைத்தால் வெடிக்கிறது. ஏன்?

ஜூன் 6, வியாழன்
"பிரஸ்ஸ லேட்டா திறக்கற, சோல் தீயுது. யாரோட அரட்டை?" என்று சூப்பர்வைசர் அண்ணியைக் கேட்டார்.

"நேரம் முடிஞ்சு பஸ்ஸர் அடிச்ச உடனே திறக்கறேன் சார்."

"சூடு காட்டற மீட்டர்ல நூத்தம்பது டிகிரி அசையாம நிக்குது. அப்ப தப்பு யார் மேல?"

சனிக்கிழமையிலிருந்து பிரஸ்ஸுக்கு வேறு ஆளாம். அண்ணி இனி வர வேண்டாமாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணி பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வாய் ஓயாத அண்ணி!

எனக்கு ஒன்று தெரியும். தெரியுமா, தோன்றுகிறதா? பிரஸ் பக்கம் இருக்கும் என் வலது கன்னம் எப்போதும் லேசாகத்தான் காயும். இரண்டு நாளாகச் சுடுகிறது. நம்பர் அதேதான். இதைப் போய் யாரிடம் சொல்ல? சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சா சிரிக்கட்டுமே — ஐயோ, என்னால முடியாது.

ஜூன் 7, வெள்ளி
சொல்லிவிட்டேன்!

லைட் மாட்ட கம்பெனி எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவர் ஏணியை மடக்கியதும் எங்கிருந்தோ வந்தது: "அண்ணா, கன்னம் சுடுது."

என்ன பேச்சு இது! ஆனால் அவர் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம்?"

"பிரஸ் பக்கம். நம்பர் அதேதான். சூடு மட்டும் ஜாஸ்தி."

நேரே பிரஸ்ஸுக்குப் பின்னால் போனார். "எல்லாரும் இங்க வாங்க. துணி காயப் போட்ட அழகப் பாருங்க!"

அச்சின் சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயரில் வரிசையாக ஈரக் கையுறைகள். அங்கே சீக்கிரம் காயும் என்று எல்லாரும் போடுவதுதான். அந்தக் கனத்தில், அச்சின் துளைக்குள் ஆழமாக இருக்க வேண்டிய சென்சார் முனை பாதி வெளியே வந்திருந்தது.

"மீட்டருக்குக் கண்ணா இருக்கு? சென்சார் சொல்றதுதான் அதுக்குத் தெரியும்" என்றார். "இது பாதி காத்துல நிக்குது. சூடு பத்தலன்னு சொல்லிட்டே இருக்கும். மீட்டரும் நூத்தம்பது வர்ற வரைக்கும் ஹீட்டரை ஓட்டும். அதுக்குள்ள அச்சோட சூடு எங்கயோ ஏறிடும். அப்புறம் சோல் தீயாம என்ன பண்ணும்?"

இருந்ததிலேயே பெரிய கையுறை சூப்பர்வைசருடையது. அவரே அதை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டார். பிறகு அண்ணியைப் பார்த்து, "அவசரப்பட்டுட்டேன்மா. நீயே நில்லு" என்றார்.

அண்ணி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஏண்டி, இவ்ளோ சுட்டுதா? என்கிட்ட சொல்லக் கூடாதா?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 8, சனி
சோல் பால் மாதிரி வெள்ளை.

ஜூன் 11, செவ்வாய்
நானாகவே எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டேன்: காலையில் சூடேற்றும்போது நூற்றைம்பதில் ஹீட்டர் அணைந்த பிறகும் நம்பர் ஏன் கொஞ்சம் ஏறுகிறது? "அணைச்சாலும் உள்ள இருக்கிற சூடு எங்க போகும்? அடுப்ப அணைச்ச பிறகும் பால் பொங்குதுல்ல, அதான். நல்ல மீட்டர்னா நெருங்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுடும்." பொறுமையாகச் சொன்னார். அவர் நன்றாக இருக்க வேண்டும். அன்று மட்டும் அவர் சிரித்திருந்தால் நான் இன்னொரு தடவை வாய் திறந்திருப்பேனா?

ஜூன் 15, சனி
நாள் முழுக்கப் பிரஸ்ஸில் நின்ற களைப்பில் அண்ணி பஸ்ஸில் என் தோளிலேயே தூங்கிவிட்டார். எங்கள் நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போகப் பார்த்தது. "நிறுத்துங்க! ரெண்டு பேர் இறங்கணும்!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அண்ணியும் திடுக்கிட்டு விழித்து, யார் கத்தியது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.