மூன்றாம் ஓலை

மகளின் கல்யாண மெத்தைக்கு உறை தைக்கக் காடாத்துணி வாங்கி வந்தேன். பிரித்ததும் கஞ்சி வாடை. அந்த வாடையோடு நீயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

அன்று பாம்பன் மாதா கோயில் மைதானத்தில் திரையாகக் கட்டிய பாய்க்கும் இதே வாடைதான். சம்மாட்டி தம் வள்ளத்துக்குப் புதிதாகத் தைத்த பாய். மதுரையிலிருந்து வந்த பிரெஞ்சுச் சாமியார் தம் நாட்டுப் படமொன்று காட்டப்போவதாகச் சொன்னதும், கல்யாண மகிழ்ச்சியில் சம்மாட்டியே கொண்டுவந்து கட்டினார். மனைவியை இழந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். மணப்பெண் என் தோழி நீ. உன் அய்யா அவர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். பெண் கேட்டு வந்தவரிடம் எப்படி மறுப்பார்? இன்னாருக்கு இன்னார் என்று ஊரறியச் சொல்லும் கல்யாண ஓலையைக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மறுநாள் மூன்றாவது, கடைசி.

சாமியார் பாயின் ஓரத்தில் நின்று கதையைத் தமிழில் சொன்னார். வயதான வியாபாரி ஒருவர் நாட்டியக்காரப் பெண்மேல் ஆசை வைத்து, கடையை விற்று, கடைசியில் அவள் ஜன்னலுக்குக் கீழே மழையில் நிற்கிறார். கடற்காற்றில் அந்தப் பெண்ணின் முகம் உப்பி உப்பி அடங்கியது. நம் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"பாவம்டி அந்த மனுசன். நம்ம சம்மாட்டியும் இவளை நெனச்சுச் சோறு தண்ணியில்லாமத்தான கெடந்தாரு" என்றாள் ஒருத்தி, உன்னைக் காட்டி.

நீ என் காதில் சொன்னாய்: "அந்த ஆளு பாவம்னு ஊரே அழுகுது. அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா?"

"படம்டி, சும்மா இரு."

"படத்துல கேக்கல. இங்கன மட்டும் கேட்டாகளா?"

மறுநாள் பூசையில் பங்குச் சாமியார் ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று முடித்தார். அதற்கு யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. நீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாய்.

"எனக்கு ஒரு தடை தெரியும் சாமி."

"என்ன தடை?"

"எனக்குச் சம்மதம் இல்ல. இதுவரைக்கும் யாரும் கேக்கல, அதான் சொல்லல."

கல்யாணம் நின்றது. வீட்டில் உனக்கு அடி விழுந்தது. உன் அய்யாவுக்கு வள்ளத்தில் இடம் போனது. நீ கருவாட்டுக் கூடை தூக்கினாய். "சம்மாட்டியம்மா வாராக, வழி விடுங்க" என்று கேலி செய்தார்கள். "வாரேன், வாரேன். கூடை இடிக்கும், தள்ளி நில்லுங்க" என்று நிமிர்ந்து நடந்தாய்.

போன வருடம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது, கல்லறைத் தோட்டத்திலும் ஒருத்தி சொன்னாள்: "பாவம், ராணி மாதிரி வாழ்ந்திருக்க வேண்டியவ." என் கையில் ஜெபமாலை இருந்தது. இருந்தும் அவளைச் சும்மா விடவில்லை. "பாவம் கீவம்னு சொல்லாத. அவ தன் இஷ்டத்துக்கு வாழ்ந்துட்டுப் போயிருக்கா" என்றேன். மாதாவும் அதைத் தப்பென்று சொல்லமாட்டாள்.

வரும் ஞாயிறு என் மகளுக்கு முதல் ஓலை. பெயர் எழுதிக் கொடுக்கும் முன் அவளைக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்டேன். "எல்லாம் பேசி முடிச்ச பெறகு இது என்ன கேள்வி?" என்று என் வீட்டுக்காரர் முறைத்தார்.

"அவ சொல்லட்டும்" என்றேன்.

யோசிக்க ஒரு நாள் கேட்டாள். கொடுத்திருக்கிறேன். அதுவரை இந்தத் துணியில் கத்திரி படாது. வேண்டாமென்று சொன்னால் தலையணை உறைக்கு ஆகும்.