சுண்டிக்குளத்துப் பூநாரையும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

1937 பெப்ரவரி 11, வியாழன்

காலையில் பனி. காரின் கண்ணாடி முழுவதும் நனைந்திருந்தது. துடைத்தேன். பிறகும் துடைத்தேன். தேவையில்லைதான். மலாயாவில், தைப்பிங்கில் நான் ஓட்டிய கார். கப்பலேறி வட்டுக்கோட்டைக்கு வந்த நாளிலிருந்து மாமரத்தின் கீழ் கோழிகளுக்குக் கூரையாக நிற்கிறது.

மாமா, இவரின் அப்பா, அதை விற்க முடிவு செய்துவிட்டார். திங்கட்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு முதலாளி பார்க்க வருகிறாராம். "மலாயாவிலை நீ ஓட்டினது சரி, பிள்ளை. இஞ்சை சனம் சிரிக்கும்." மகன் ஓட்டலாமே என்றால், என் வீட்டுக்காரரான இவருக்கு ஓட்ட வராது. பழகிய முதல் நாளே தைப்பிங்கில் ஒரு மரக்கறிக் கடைக்குள் விட்ட மனிதர். சம்பளத்துக்கு ஆள் வைப்பதற்கும் மாமாவுக்கு விருப்பமில்லை.

கடைசியில் இவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். பறவைப் பைத்தியம். சுண்டிக்குளத்தில் பூநாரை இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டதில் இருந்து நித்திரை இல்லை. "அப்பு, சனிக்கிழமை கடற்கரைப் பாதையாலை சுண்டிக்குளம் போட்டு வருவம். வழியிலை இவ ஒருக்கால் எண்டாலும் சுக்கானை ஒரு ஆம்பிளையின்ரை கையிலை குடுத்தால், காரை வில்லுங்கோ. குடுக்காட்டில் கார் இஞ்சை நிக்கட்டும்."

மாமா நெடுநேரம் வெற்றிலை மென்றார். "நானும் வாறன். என்ரை கண்ணாலை பாக்கோணும்."

வாருங்கள் மாமா. நன்றாகப் பாருங்கள்.

12, வெள்ளி

விரதம். வெயில். எடுத்து வைத்தவை:
பெற்றோல் தகரம், காற்றுப் பம்பி, மண்வெட்டி.
சக்கரத்துக்குக் கீழே போடப் பனையோலைப் பாய், பழையது.
புளிச்சோறு, பொரிவிளாங்காய், பனங்கட்டி.
இவரின் தூரக்கண்ணாடி. (மூன்று தரம் கேட்டுவிட்டார், வைத்தாயா என்று.)
இரண்டு குடம் தண்ணீர், எங்கள் கிணற்றில் அள்ளியது. இது மாமாவின் கட்டளை. "கடற்கரைச் சனத்தின்ரை கிணத்திலை நாங்கள் வாய் வைக்கேலாது."

தலைக்கு முழுகினேன்.

13, சனி. யாழ்ப்பாணத்து நாகர்கோவில் கரை, காருக்குள் இருந்து.

விடியப் புறப்பட்டோம். கரவெட்டித் தோட்டத்தில் ஒரு மனுசி கிணற்றுத் துலாக்கயிற்றை விட்டுவிட்டுக் கத்தினாள்: "உங்கை பாரடி, பொம்பிளை ஓட்டுறா!" மாமா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நிமிர்ந்து இருந்தேன்.

பருத்தித்துறை தாண்டியதும் இடப்பக்கம் முழுக்கக் கடல். மணற்காட்டில் பாதையே இல்லை, வெறும் மணல். ரயர்க் காற்றைக் குறைத்தேன், வேகத்தைக் குறைக்காமல் விட்டேன், தாண்டியது. நடுப்பாதையில் ஒரு நரி. எங்களை விசாரிப்பதுபோல் நின்று பார்த்துவிட்டுத்தான் போனது. இங்கே ஆழமில்லாத பரவைக்கடலில் கூழைக்கடா, கூட்டமாக. இவர் இறங்கி முழங்கால் அளவு சேற்றில். மாமா: "உந்தக் கொக்குகளைப் பாக்கவோ இவ்வளவு தூரம்?"

அதற்குள் றேடியேற்றர் கொதித்து ஆவி. தண்ணீர் வேண்டும். பக்கத்திலேயே ஒரு மீன்பிடிக்கும் வீட்டுக் கிணறு. வாளியுடன் போகப்போன என்னை மாமா மறித்தார்.

"காருக்குத்தானே மாமா?"

"கார் ஆரின்ரை? எங்கடைதானே?"

ஆறவிட்டு, கொண்டுவந்த இரண்டு குடத்தையும் அவரே காருக்குள் ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை. இனிக் குடிக்க எதுவும் இல்லை. இவர் வாயைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரிக்கிறார்.

14, ஞாயிறு

நேற்று எழுதக் கை வரவில்லை. உடம்பெல்லாம் நோவு.

சுண்டிக்குளம். பூநாரை. எப்படி எழுதுவது? தண்ணீர் தெரியவில்லை. ரோசா நிறம்தான் தெரிந்தது, அது மெல்ல நடந்தது. பிறகு ஒரு பக்கத்தால் எழும்பத் தொடங்கியது, சிறகுக்குள் செக்கச் சிவப்பு. இவர் அழுதுவிட்டார். மாமா தூரக்கண்ணாடியை மறுபக்கமாகப் பிடித்து, "எல்லாம் சின்னனாத் தெரியுது" என்றார். சரியான பக்கம் திருப்பிப் பிடித்துக் கொடுத்தேன். அதன்பிறகு அவர் அதை ஒருவருக்கும் தரவில்லை.

திரும்பும்போது பின் சக்கரங்கள் புதைந்துவிட்டன. உச்சி வெயில். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். கொழும்பில் லொறி ஓட்டியவராம். "அக்கா, இறங்குங்கோ, நான் எடுத்துத் தாறன்."

நல்ல மனிதர். மாமா என்னையே பார்த்தார். "வேண்டாம் அண்ணை, நானே எடுக்கிறன்" என்றேன். மண் வெட்டினேன், பாய் விரித்தேன். முதல்தரம் வழுக்கியது. இரண்டாந்தரமும்தான். பாயை மடித்து இன்னும் உள்ளே செருகி, மெதுவாக, மெதுவாக. ஏறியது. லொறிக்காரர் கை தட்டினார். என் வாழ்நாளில் எனக்கு ஒருவர் கை தட்டியது அதுதான் முதல்தரம்.

தாளையடிக்கு வரும்போது மாமாவின் உதடு வெடித்திருந்தது. ஓர் ஓலைவீட்டு வாசலில் நிறுத்தினேன். மரியம்மா என்ற மனுசி, கழுத்தில் செபமாலை. "நீயோ பிள்ளை ஓட்டி வந்தது?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தண்ணீர் கேட்டேன்.

"எங்கடை வீட்டிலை குடிப்பியளோ?"

செம்பை வாங்கி வாய் வைத்துக் குடித்தேன். அடுத்தது இவர். மாமா காருக்குள்ளேயே இருந்தார். பிறகு கதவு திறந்த சத்தம் கேட்டது. குடித்து முடித்துச் செம்பை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் இருக்கோ?"

வீடு வரும்வரை தூரக்கண்ணாடியை மடியிலேயே வைத்திருந்தார்.

இன்று காலை மாமா காரை ஒருதரம் சுற்றி நடந்துவிட்டு உள்ளே போனார். கார் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஏன் நிற்கும்? நான் ஓட்டியதாலா, அல்லது தண்ணீர்க் கதையை ஊருக்குள் சொல்லிவிடுவேன் என்ற பயத்தாலா? இரண்டாவது என்றால் எனக்கு அது வேண்டாம். நானாகச் சொல்லவும் மாட்டேன்.

15, திங்கள்

மப்பு வானம். முதலாளி காலையிலேயே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். காரைத் தட்டிப் பார்த்தார். மாமா சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

"கார் குடுக்கிறதில்லை."

"ஏன், என்ன நடந்தது?"

மாமாவின் குரல் எப்போதும் பெரிது. இன்று வேண்டுமென்றே பெரிதாக்கினார்.

"சனிக்கிழமை சுண்டிக்குளம் போட்டு வந்தனாங்கள். கொண்டுபோன தண்ணியை நான் காருக்கு ஊத்திப்போட்டன். நா வறண்டு, தாளையடியிலை மரியம்மா எண்ட மனிசியின்ரை வீட்டிலை வாங்கிக் குடிச்சனான். ரண்டு செம்பு. நல்ல தண்ணி."

வேலிக்கு அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது. தண்ணீர்க் கதையை அவரே ஊருக்குச் சொல்லிவிட்டார்; அப்படியானால் கார் நிற்பது நான் ஓட்டியதால்தான். வேறு ஒன்றாலும் இல்லை.

முதலாளிக்குத் தண்ணீர்க் கதை விளங்கவில்லை. "அப்ப காரை ஆர் ஓட்டுறது?"

"என்ரை மருமேள். வேறை ஆர்? பிள்ளை, காரை எடு. இவரைச் சந்தியிலை விட்டிட்டு வருவம்."

எடுத்தேன். முதலாளி கதவைப் பிடித்த பிடியை விடவில்லை. சந்திவரை மிக மெதுவாகவே ஓட்டினேன். எல்லோரும் பார்க்கட்டும்.