சட்டை மாற்றிய ஐஸ் ஹாக்கி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். தம்பிதான் உயிரை வாங்குகிறான்.

ஞாயிறுதோறும் நானும் அவனும் இணையத்தில் ஆடுகிற ஐஸ் ஹாக்கி வீடியோ கேம் வருடாவருடம் புதிதாக வரும். இந்த வருடம் வந்ததை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டான். வாங்கலாமா என்று என் அறையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கேட்டேன்.

"ஆளுங்களோட சட்டையை மாத்தி விக்கிறாங்கப்பா. ஆட்டம் அதேதான்," என்றார்.

நாள் முழுக்கக் குளிர்கிடங்கில் பெட்டி தூக்குகிறவன், அறைக்கு வந்தும் ஐஸையே பார்க்கத் தண்டம் அழ வேண்டுமா? ஆனால் பழையதை வைத்துக்கொண்டு புதியதில் இருப்பவனோடு சேர்ந்து ஆட முடியாதாம். என்ன அநியாயம்! போன ஞாயிறு கம்ப்யூட்டரோடு தனியாக ஆடினேன். ஜெயித்தேன். திட்டக்கூட ஆளில்லை.

தலையில் அடித்துக்கொண்டு நானும் வாங்கிவிட்டேன்.

ஒரு சின்ன உதவி அம்மா. அவனைச் சாப்பிடக் கூப்பிடும்போது அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். பக்கத்தில் வந்து கூப்பிடுங்கள். அப்போதுதான் ஆடும்போது அவன் மாட்டியிருக்கும் மைக்கில் எனக்கும் கேட்கும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மூத்தவன்