எட்டு ஜிபி பத்தல

நவம்பர் 4, திங்கள்

ஸ்டுடியோவுக்கு இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் வந்தன. முகூர்த்தக் காலம் தொடங்கிவிட்டது. பழைய கார்டில் ஒரு கல்யாண வீடியோவை முடிக்கவே ஒரு நாள் போய்விடுகிறது. இரண்டையும் வெள்ளிக்கிழமைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரவேண்டும்.

பெட்டியின்மேல் இருந்ததைப் படித்தேன். ஒன்று புது மாடல். வேகம் ஜாஸ்தி, கரண்ட் கம்மியாக இழுக்கும், ஆனால் மெமரி எட்டு ஜிபிதான். இன்னொன்று அதற்கு முந்தின மாடல். வேகம் கொஞ்சம் கம்மி, மெமரி பன்னிரண்டு ஜிபி. எடிட்டர் அருள்ராஜ் அண்ணன் புதுசுதான் வேண்டும் என்கிறார். முதலாளி அன்பரசன் அண்ணனோ, "எட்டு பெருசா, பன்னெண்டு பெருசா? இதுகூட தெரியாம நீ இன்னாடா எடிட்டரு?" என்கிறார். நான் அட்டைப் பெட்டிகளை ஓரமாக அடுக்கினேன்.

நான் எப்போதுமே ஒன்றும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பேசச் சொன்னால் குரல் வராது. கணக்கு வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லிப் பதினொன்றாவதில் நின்றுவிட்டேன். இந்த வேலை பிடித்திருக்கிறது. உள்ளறை இருட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் முகத்தையெல்லாம் பார்க்கிறேன். என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பொண்ண கொஞ்சம் கலரா காட்டுங்க." முகத்தை வெளுக்கிற வேலைதான் கார்டை அதிகம் வாட்டும். அதனால் அதை வைத்தே சோதிக்கலாம் என்று போன வாரத்துக் கல்யாணத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

"அந்தப் பொண்ணே செவப்பு. அதுல இன்னா தெரியும்?" என்றார் அருள்ராஜ் அண்ணன். திரும்பினார். என்னைப் பார்த்தார்.

"கவிநிலா, இந்த ஸ்டூல்ல வந்து உக்காரு. சும்மா டெஸ்ட்டுக்குத்தான்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே? வரவில்லை. போய் உட்கார்ந்தேன். முகத்துக்கு நேராக விளக்கு, கேமரா.

"சிரி. சிரிச்சாதான் பல்லாவது தெரியும்."

வாசலிலிருந்து அன்பரசன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "பேருல நிலா, மொகத்துல அமாவாசை. இவள வெளுத்துக் காட்டிச்சுன்னா எந்தக் கார்டா இருந்தாலும் பாஸுடா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

நவம்பர் 6, புதன்

என் முகத்தைச் சாதாரண அளவில் ஓட்டியபோது எட்டு ஜிபி முந்திக்கொண்டது. ஆறு நிமிடம். பன்னிரண்டு ஜிபிக்கு எட்டு நிமிடம். அருள்ராஜ் அண்ணன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பிறகு அதையே 4கே என்ற பெரிய அளவில் வைத்து, படத்தில் மணல் மாதிரித் தெரியும் புள்ளிகளை எடுக்கிற வேலையையும் சேர்த்துக் கொடுத்தார். எட்டு ஜிபி பாதியில் நின்றுவிட்டது. மெமரி போதவில்லை என்று திரையில் வந்தது. அதன் பின்னால் என் முகம் அப்படியே உறைந்து நின்றது.

"அண்ணே! இவள வெளுக்க எட்டு ஜிபி பத்தலண்ணே!"

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பஸ்ஸுக்குப் போகும்போது பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "இன்னா எட்டு ஜிபி, கெளம்பிட்டியா?" என்றார்.

சோற்று டப்பாவைத் திறக்காமலே அடி அண்ணாமலை வீடுவரை கொண்டுவந்தேன். அம்மா கோழிக்குப் போட்டாள்.

நவம்பர் 7, வியாழன்

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, அந்தச் சிவப்புக் கல்யாணப் பெண்ணை அதே 4கே-வில், அதே கார்டில் ஓட்டினேன். அதுவும் பாதியில் நின்றது. அப்படியானால் முகத்தினால் இல்லை. படத்தின் அளவுதான். யார் முகமாக இருந்தாலும் நிற்கும்!

எவ்வளவோ நேரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அருள்ராஜ் அண்ணனிடம் போய்ச் சொல்லியேவிட்டேன். அவர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ தொட்ட இல்ல? உன் கலரு அதுக்கும் ஒட்டிக்கிச்சு."

நவம்பர் 8, வெள்ளி

பன்னிரண்டு ஜிபியை வைத்துக்கொண்டார்கள். எட்டு ஜிபி திரும்பிப் போய்விட்டது. அதன் பேர் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

நவம்பர் 15, வெள்ளி. பௌர்ணமி

கடை முகப்பில், தெருவைப் பார்த்த மாதிரி இருக்கும் பெரிய டிவியில் என் முகம். இடது பாதி நான். வலது பாதி அந்தப் பன்னிரண்டு ஜிபி வெளுத்தது. கீழே, "உங்கள் வீட்டுப் பெண்ணும் ஜொலிக்க!" நாள் முழுக்க ஓடியது.

கிரிவலத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கடை வழியாகத்தான் போனது. ஒரு அம்மா நின்று டிவியைப் பார்த்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். மறுபடியும் டிவி. "ஏங்க, இதே பொண்ணுதாங்க!" என்று வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அவர் என்னிடம், "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாம்மா" என்றார். வந்தேன். வந்து நின்றேனே!

கூட்டம் குறைந்ததும் முதலாளியிடம் கேட்டேன்.

"அண்ணா... அத எடுத்துடுங்கண்ணா."

"எத? அத்தப் பாத்துட்டுத்தான் இன்னிக்கு நாலு பேரு உள்ள வந்தாங்க. உன்னவிட கலர் கம்மியா ஒரு மொகம் வரட்டும். உன்னுத எடுத்துடறேன், போ."

நவம்பர் 17, ஞாயிறு

பக்கத்து வீட்டுச் சந்திரகலா அக்கா டிவியைப் போனில் படம் எடுத்துவந்து அம்மாவிடம் காட்டியிருக்கிறார். அம்மா கடைக்கே போய்ச் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். நினைத்தபோது பயமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அம்மா வலது பாதியை விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் எவ்ளோ நல்லாருக்குது பாரு. மொகம் முழுக்க இந்த மாதிரியே ஒரு காப்பி போட்டுக் குடுக்கச் சொல்லு. பின்னால மாப்பிள்ளை வீட்ல கேட்டா குடுக்கலாம்."

நவம்பர் 24, ஞாயிறு

முழுக்க வெளுத்த படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியாகிவிட்டது. சித்தப்பா வந்தார். "யாரு இந்தப் பொண்ணு?" என்று என்னிடமே கேட்டார்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் கடை திறந்ததும் டிவியைப் போடுவது என் வேலை. போட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

வேங்கிக்காலிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். எழில். பத்தாவதோடு நின்றவளாம். தலையைக் குனிந்துகொண்டே இருக்கிறாள். பேர் கேட்டால்கூட அந்தப் பக்கம் பார்த்துச் சொல்கிறாள். என் பக்கத்து நாற்காலி.

மத்தியானம் அவள் டப்பாவிலிருந்து புளிச்சோறு எடுத்து என் மூடியில் வைத்தாள். மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, டிவியில நீங்களா?"

"ம்."

"எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் தெரியுது. நல்லாருக்கீங்க."

யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. அவள் கை என் கையைவிடக் கறுப்பு. வீட்டுக்கு வரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

பதினாறு ஜிபி கார்டு ஒன்று வந்தது. பன்னிரண்டோடு வைத்து ஓட்டிப் பார்க்கவேண்டும். அருள்ராஜ் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "எட்டு ஜிபி, வா" என்றார்.

எழுந்தேன். குரல் வந்தது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ, தெளிவாக வந்தது.

"அண்ணா, எழில வெச்சுப் பாருங்க. என்னவிட அவ கலர் கம்மி."

எழில் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அவளுக்கும் வாய் வராது. போய் உட்கார்ந்தாள். விளக்கை நான்தான் பிடித்தேன்.

"சும்மா டெஸ்ட்டுக்குத்தான். சிரி."

சிரித்தாள்.

4கே-வில் பன்னிரண்டு ஜிபி இருபது நிமிடம் எடுத்தது. பதினாறு ஜிபிக்குப் பதினொன்று. இரண்டும் நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அன்பரசன் அண்ணன் உள்ளே வந்து, "இன்னாடா, தாங்குதா?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "எழிலுக்குப் பதினாறே பத்துமான்னு தெரியலண்ணா."

அப்படிச் சிரித்தார்கள்! அருள்ராஜ் அண்ணன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நான் ஒன்று சொல்லி நாலு பேர் சிரித்தது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் டிவியிலிருந்து என் படத்தை எடுத்துவிட்டார்கள்.

எழில் டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கு நன்றாகப் பசித்தது.