உயிரோடிருப்பவருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

சென்னீர்குப்பம்
ஞாயிறு காலை

அன்பு மகள் அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் பால்கனித் தொட்டியில் இருக்கிற கறிவேப்பிலைச் செடியும் நல்ல சுகம், அங்கே எட்மண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் மூக்கு நுனி வரைக்கும் சுகமாக இருக்கவேண்டும் என்று எல்லா சாமியையும் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "அம்மா, விஷயத்துக்கு வா" என்பாய், நான் வரிசையாகச் சொல்லாவிட்டால் உனக்குப் புரியாது. அதனால் வியாழக்கிழமை அங்கே திரும்புகிற உன் ஆபீஸ் பிரசன்னாவிடம் பருப்புப் பொடிக்கும் கறிவேப்பிலைப் பொடிக்கும் நடுவில் வைத்து இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி. முதலில் சிரிப்பு வரும், அப்புறம் என்மேல் கோபம் வரும், இரண்டுக்கும் நாற்காலி நல்லது.

பொங்கல் கழிந்த வாரம் அழுதுகொண்டே "சரிடி, வீட்டை வாடகைக்கு விட்டுட்டு உன்கிட்டயே வந்துடறேன்" என்று சொன்னேனே, அன்றைக்கு அது நிஜம்தான். கம்பெனி என்னை அனுப்பினபோதுகூட நான் அவ்வளவு உடைந்துபோகவில்லை. இருபத்திரண்டு வருஷம் விளம்பரம் எழுதின கை, வீட்டில் உட்கார்ந்தும் எழுதும் என்று தைரியமாக இருந்தேன், மசாலா கம்பெனி, ஜவுளிக்கடை, பல் ஆஸ்பத்திரி என்று பிழைத்தும் காட்டினேன். போன வருஷம்தான் ஒவ்வொருத்தராக நழுவினார்கள். முதலில், மிஷினே எழுதிக் கொடுத்துவிடுகிறது மேடம், நீங்கள் சும்மா ஒரு பார்வை பார்த்தால் போதும் என்றார்கள். பார்த்தேன், சாம்பார் பொடிக்கு "உங்கள் சமையலறையின் புதிய அத்தியாயம்" என்று இருந்தது, அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அந்தப் பார்வையும் வேண்டாம் என்றார்கள். டிசம்பர் முழுக்க ஒரு வரி கேட்டு ஒருத்தர் வரவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் மளிகைச் சீட்டையே இரண்டு தடவை திருத்தி எழுதினேன் என்றால் பார்த்துக்கொள். அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய், நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், நீ விசா பேப்பர் வரைக்கும் போய்விட்டாய்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு பெரியவர் வந்தார். பூந்தமல்லியில் போஸ்டர், பேனர் அடிக்கிற அப்துல் ரசாக் பாய் இருக்கிறாரே, வளைகாப்பு பேனருக்கு ரெண்டு வரி வேண்டுமென்றால் எப்போதாவது எனக்கு அனுப்புவாரே, அவர்தான் அனுப்பினார். பெயர் வீராசாமி, வயது எழுபத்தாறு, நம் பின்தெருதான். என்ன எழுதணும் ஐயா என்று கேட்டேன், தன்னுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்கிறார். யாருடையது என்று மறுபடி கேட்டேன். "என்துதாம்மா. நான் செத்தா என் பசங்க 'பண்பின் சிகரம்'னு போட்டுடுவானுங்க. பண்பும் கெடையாது, சிகரமும் கெடையாது. நான் இன்னா மாதிரி ஆளுன்னு ஒருத்தராச்சும் கரெக்டா எழுதணும், அத நான் படிச்சுப் பாக்கணும்" என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் உன் அப்பா போஸ்டர் ஞாபகம் வந்தது. விளம்பரம் எழுதுகிற காப்பி ரைட்டர் வீட்டுச் சாவு, அதில் "பாசத்தின் இமயம்" என்று யாரோ போட்டது, தலையில் எண்ணெய் வழிய எனக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்த மனுஷனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது அகல்யா. வீராசாமியிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

மசாலாவுக்கு எழுதும் முன்னால் அதைச் சமைத்துப் பார்க்கிறவள் நான், இவரைப் பற்றி மட்டும் அவரே சொன்னதை வைத்தா எழுதுவேன்? அவரைத் தனியாக விசாரித்தேன், அவர் சம்சாரம் கண்ணம்மாவை அதைவிடத் தனியாக விசாரித்தேன். மூன்று நாள் எழுதி, அடித்து, கடைசியில் இப்படி வந்தது: "வீராசாமி. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் லேத் ஓட்டி, பத்து விரலோடு வீடு திரும்பியவர். கேரம் போர்டில் கள்ளாட்டம் ஆடுவார், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். கண்ணம்மாவை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஒருநாளும் அவளை விட்டுவிட்டுச் சாப்பிட்டதும் இல்லை. இவருடைய ஏணியை வாங்கிப்போனவர் திருப்பிக் கொடுக்கவும்." பாயிடம் கொடுத்தேன். பெரியவர் பார்க்கட்டும் என்று மாதிரிக்கு நாலு அடித்தார். இறுதி ஊர்வலத் தேதி போடுகிற இடம் காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இல்லையாம், சும்மா மறுநாள் தேதியைப் போட்டுவிட்டார். போட்டது போதாதென்று அந்த நாலையும் மேஜைமேல் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

போஸ்டர் ஒட்டுகிற அய்யாசாமி ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர், சாவு போஸ்டர் என்றால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார், பிணம் எடுக்கும் முன்னால் ஊருக்குத் தெரியவேண்டும் இல்லையா. மேஜைமேல் இருந்த நாலையும் எடுத்துப்போய்விட்டார், மறுநாள் விடிவதற்குள் பஸ் ஸ்டாப்பில் ஒன்று, டீக்கடைச் சுவரில் ஒன்று, வீராசாமி வீட்டுத் தெருமுனையில் இரண்டு. ஏழு மணிக்கு பாய் போன் செய்து, அல்லா அல்லா, அய்யாசாமி ஊரெல்லாம் ஒட்டிட்டாரும்மா என்கிறார். நான் புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே முடிவு செய்துவிட்டேன், இன்றோடு என் தொழில் போச்சு, அடி விழாமல் தப்பித்தால் நேரே ஏர்போர்ட்தான் என்று. தெருவில் ஷாமியானாவுக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். நெமிலிச்சேரியிலிருந்து அவர் மகள் வழியெல்லாம் அழுதுகொண்டு ஸ்கூட்டரில் வந்து, அப்பா வாசலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதைப் பார்த்து, இன்னும் பலமாக அழுதாள். என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். நியாயம்தானே, கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கண்ணம்மா மாலையோடு வந்தவர்களை எல்லாம் துடைப்பத்தோடு வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

வீராசாமி மட்டும் தெருமுனைப் போஸ்டரைக் கிழியாமல் உரித்து வந்து மடியில் வைத்திருந்தார். வந்தவர்களிடம் எல்லாம் நீட்டி, படி படி என்கிறார். கள்ளாட்டம் என்கிற வரியில் ஒவ்வொருத்தரும் சிரித்தார்கள், கண்ணம்மா வரியில் அந்த மகள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிக்கு ஒரு கிழவர் வந்தார், கேரம் சண்டையில் ஒன்பது வருஷமாக இவரோடு பேச்சில்லையாம். வந்து, உயிரோடிருப்பதைப் பார்த்து, தலையில் ஒரு போடு போட்டு, அப்படியே கட்டிக்கொண்டார். வீராசாமி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஆமாண்டா, கள்ளாட்டம்தான் ஆடினேன்" என்றார். நான் அழுதேன், ஷாமியானா போட வந்தவர்கள்கூட அழுதார்கள். ஏணி சாயங்காலமே வந்துவிட்டது, யார் வைத்துவிட்டுப் போனார்கள் என்று தெரியவில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்று நினைக்கிறாய். ஒரு வாரத்தில் பதினோரு பேர். கண்ணம்மா தனக்கும் வேண்டும் என்கிறாள், அவர் போஸ்டரைவிட ஒரு சாண் பெரிதாக. ரிட்டையர் ஆன கண்டக்டர் ஒருத்தர் "சில்லறை பாக்கி வைக்காதவர்" என்று போடச் சொன்னார், நிஜமாகவா என்று கேட்டேன், ரொம்ப நேரம் யோசித்துவிட்டு அதை எடுத்துவிடச் சொன்னார். மேல் ஃப்ளாட் விஜி, மாமனார் அறுபதாம் கல்யாணத்துக்கு, சாவு வாசனை இல்லாமல் இதே மாதிரி எழுதித் தரமுடியுமா என்கிறாள். பாய் கடை வாசலில் என் பெயரை போர்டாகவே எழுதி வைத்துவிட்டார். இது எத்தனை நாள் ஓடும் என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியாது, மசாலா கம்பெனி எத்தனை நாள் ஓடும் என்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுபடி காய்ந்துபோனால் மறுபடி ஏதாவது தேடுவேன்.

நேற்று மத்தியானம் வேடிக்கையாக எனக்கே ஒன்று எழுதிப் பார்த்தேன், ஐயோ என்று பதறாதே, தொழில் பயிற்சிதான். முதலில் உன்னிடம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு எழுதினேன். "ராதிகா. காப்பி ரைட்டராக இருந்தார். பிறகு மகள் வீட்டில் ஓய்வாக இருந்தார்." அதற்குமேல் பேனா நகரவில்லை, அரைமணி நேரம் உட்கார்ந்தும் நகரவில்லை. உன் வீடு எனக்குக் குறைவில்லை கண்ணே, உன் பக்கத்தில் இருக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த "பிறகு" எனக்கு வேண்டாம். வேறு தாள் எடுத்தேன். "ராதிகா. ஐம்பத்தாறு வயதில் வேலை போனது. அறுபது வயதில் ஒரு ஊரையே உயிரோடிருக்கிறவருக்காக அழவைத்தார்." எழுதிவிட்டுப் பார்த்தால் கீழே முக்கால் தாள் காலியாகக் கிடக்கிறது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்த முக்கால் தாளை என்னிடமே விட்டுவிடு அகல்யா. வாடகைக்கு வருவதாக இருந்த கிஷோர் தம்பிக்குப் போன் செய்து, வீடு காலியாகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கோபம் ஆறினதும் கூப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும், உங்கள் இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம். பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. டப்பா இரண்டையும் பிரசன்னா அடுத்த தடவை வரும்போது மறக்காமல் கொடுத்தனுப்பு, மூடியோடு.

இப்படிக்கு
உன் அம்மா
ராதிகா, காப்பி ரைட்டர்